ஒதுக்கு என்று எழுதிய கதவு

ஜூன் 4, வியாழன்

புது ப்ரூஃப் வந்தது. கோழிப்பண்ணை வைக்க விரும்புவோருக்கான கையேடு. போன மாதம் வானியல், இந்த மாதம் கோழி. பதிப்பாளர் என்னை எதிலும் ஊறவிடமாட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'கூண்டில் வளர்ந்த கோழி, கூண்டைத் திறந்துவிட்டாலும் வெளியே வராது.' எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. எரிச்சலோடு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பதினொரு மணிவாக்கில் அண்ணன் தாடியைக் கூட்டிக்கொண்டு வந்தான். தாடி என்பது நான் வைத்த பெயர், ஆள் ஆர்க்கிடெக்ட். பழைய கட்டடங்களை இடிக்காமல் வேறு பயனுக்கு மாற்றுவதில் பெரிய கையாம். ஒரு தானியக் கிடங்கை நூலகம் ஆக்கினாராம், ஒரு தந்தி அலுவலகத்தைத் துணிக்கடை ஆக்கினாராம். இப்போது அம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியை ஹோட்டல் ஆக்கப் போகிறார். "கட்டடத்துக்கு மறுபிறவி" என்று இரண்டு முறை சொன்னார். பிறவிகளை இந்த வீடு போதுமான அளவு பார்த்துவிட்டது.

விரல்முட்டியால் சுவர்களைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். அம்மாவும் வயிறுகளை அப்படித்தான் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள்.

"சுவர் மூச்சு விடுது, கேக்குதா?" என்றார்.

"எலி" என்றேன். அண்ணன் என்னை முறைத்தான்.

தாடியின் கையில் ஒரு சாக்பீஸ். பிடித்த இடத்தில் எல்லாம் 'வை' என்று எழுதினார். பிடிக்காத இடத்தில் 'எடு'. முன்கூடத்துத் தூண்கள் வை. பின்னால் போட்ட தகரக் கூரை எடு. கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த நீள பெஞ்சு வை. கழிவறை எடு, இரண்டு அடிக்கோட்டுடன்.

கடைசியில் என் அறை. ஒரு காலத்தில் பிரசவ அறை. இந்த ஊரில் பாதிப் பேர் இங்கேதான் பிறந்தார்கள். அம்மா போன பிறகு இரண்டு வருடமாக நான் இங்கே தூங்குகிறேன், இங்கே வேலை செய்கிறேன். வடக்கு ஜன்னல், நாள் முழுவதும் கண்ணை உறுத்தாத வெளிச்சம். சுவரின் தடிமனில் வெளியே உலகம் முடிந்தாலும் கேட்காது. மெய்ப்புப் பார்ப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? மூலையில் அம்மா கை கழுவிய தொட்டி. கழுவிய கை மறுபடி குழாயைத் தொடக்கூடாது என்பதற்காக அதன் இரண்டு பித்தளைக் கைப்பிடிகளும் முழ நீளம் இருக்கும். முழங்கையால் தள்ளித்தான் திறக்க வேண்டும், முழங்கையால்தான் மூட வேண்டும். எனக்கு அது பழகிவிட்டது.

தாடி அந்தத் தொட்டியைப் பார்த்ததும் கண் கலங்கினார். நிஜமாகவே. வை, வை, வை. பிறகு என் கட்டிலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், புத்தகங்களைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். எதுவும் எழுதவில்லை.


ஜூன் 6, சனி

அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஏழாம் மாடி. லிஃப்டில் ஏறும்போதே சண்டைக்குத் தயாராகிவிட்டேன், ஏமாற்றவில்லை.

"இன்னும் ரெண்டு மழை தாங்காது அது" என்றான். "நடுக்கூடத்து உத்தரத்தைக் கரையான் தின்னு கோது மாதிரி வெச்சிருக்கு. ஒரு நாள் உன் தலையிலதான் விழும்."

"விழட்டும்."

"உனக்கென்ன, விழட்டும்பே. விழுந்தா அதைப் பத்தி நாலு பக்கம் எழுதுவே."

விஷயம் இதுதான். அம்மா வீட்டை இருவர் பெயருக்கும் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். நான் கையெழுத்துப் போடாமல் அவனால் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. நான் என் நிபந்தனையைச் சொன்னேன்: முன்கூடத்தில் காபிக் கடை வரட்டும், வார்டுகளில் யார் வேண்டுமானாலும் வந்து தங்கட்டும், என் அறை எனக்கு. அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

"ஹோட்டலுக்கு நடுவுல நீ கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பியா?"

"நடுவுல இல்ல. ஓரத்துல. கடைசி அறை."

அண்ணி குறுக்கே வந்தாள். "இங்க ஒரு ரூம் சும்மாதானே இருக்கு?" அந்த ரூம் எனக்குத் தெரியும். பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, உள்ளே துணி துவைக்கும் மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள். "நான் பொறந்த எடத்துல நீ தலையணை போட்டுத் தூங்குற. நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு. நாளைக்கு உன்னைப் பாக்க யாராவது வந்தா என்ன சொல்றது?"

"நீங்க பொறந்தப்புறம் அந்த ரூமை நல்லாவே கழுவி விட்டிருக்காங்க அண்ணி."

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஒன்னோட வாயில எது வந்தாலும் அழகாத்தான் வரும். நாங்கதான் பேசத் தெரியாதவங்க. உனக்கு நான் இன்னும் அந்த மறம்தான், இல்ல?"

மறம். அவன் ஐந்தாம் வகுப்புக் கட்டுரை. 'மறம் நமக்கு நிழல் தரும்' என்று எழுதிவிட்டு வந்தான். நான் அவனைவிட நான்கு வயது சின்னவள். அம்மா சொல்லித் தெரிந்துகொண்டு, மறம் என்றால் வீரம், வீரம் எப்படி நிழல் தரும் என்று வீடு முழுவதும் கத்திக்கொண்டே ஓடினேன். இன்றுவரை விடவில்லை. அவன் கல்யாணத்தன்றுகூட விடவில்லை.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி வந்தேன்.


ஜூன் 7, ஞாயிறு

இருவரில் ஒருவரும் போன் செய்யவில்லை. நல்ல நாள்.


ஜூன் 15, திங்கள்

தாடி தனியாக வந்தார், அளவெடுக்க. நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், என் அறையின் அகலத்தை நானே அளந்து கொடுத்தேன். மானங்கெட்ட கை.

என் தரப்பை அவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. படித்தவர், கட்டடத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறவர். சொன்னேன்.

"காலியாக் கெடக்கிற கட்டடம் செத்துப் போகும்மா" என்றார். "அப்படியே பூட்டிக் காட்சிக்கு வெச்சாலும் பாதி செத்த மாதிரிதான். ஆள் நடமாடணும். கதவு தெறந்து மூடணும். அடுப்பு எரியணும். அப்பதான் ஈரம் ஏறாம சுவர் நிக்கும்."

"நான் இங்க தெறந்து மூடிட்டுத்தானே இருக்கேன்?"

"ஒரு கதவைத்தானே?"

இந்த வீட்டில் ஒன்பது கதவுகள். மற்ற எட்டையும் நான் கடைசியாக எப்போது திறந்தேன்? அவர் சொல்வது சரி என்பதால் அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. தவறாகப் பேசுகிறவனை வெறுப்பது சுலபம், ஓய்வு மாதிரி. சரியாகப் பேசுகிறவனை வெறுக்க உழைக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒன்று. பழைய கட்டடங்களை நேசிக்கிறவர்கள் அதில் குடியிருப்பவர்களை ஏன் கறை மாதிரி பார்க்கிறார்கள்? பெஞ்சு இருக்கலாம், பெஞ்சில் உட்காருகிறவள் இருக்கக்கூடாது.

போகும்போது தொட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். "இந்த ஊர்ல இது மாதிரி இன்னொண்ணு கெடையாது. ஹோட்டலோட முகமே இதுதான்" என்றார்.


ஜூன் 24, புதன்

மழை. நடுக்கூடத்தில் ஏழு இடத்தில் ஒழுகியது. பாத்திரம் போதாமல் அம்மாவின் பழைய எனாமல் கிண்ணங்களை எடுத்து வைத்தேன். உத்தரத்திலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது.

அண்ணன் வந்து வாசலிலேயே நின்று பார்த்தான். நான் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீரைத் தூக்கி ஊற்றுவதைப் பார்த்தான். 'பாத்தியா' என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஒரு கிண்ணத்தை எடுத்து அவனும் ஊற்றினான்.

இதையும் எழுதிவைக்கிறேன், பின்னால் அவனை முழுக்கத் திட்டும்போது நேர்மை தவறக்கூடாது என்பதற்காக.


ஜூலை 3, வெள்ளி

தபாலாபீஸ் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் அறைக் கதவில் சாக்பீஸால் ஒரு சொல். தாடியின் கையெழுத்து இல்லை. கொக்கி கொக்கியாக, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அண்ணனுடையது.

ஒதுக்கு.

'எடு' இல்லை. 'வை'யும் இல்லை. ஒதுக்கு. இதை மட்டும் தனியாக ஒதுக்கிவிடு, இது அவளுக்கு. பெண்களுக்கென்று பஸ்ஸில் ஒதுக்குகிற மாதிரி, வீட்டு மனை ஒதுக்குகிற மாதிரி. வாசலில் நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் மரத்தை மறமாக்கியவன் எழுதிய ஒற்றைச் சொல்லுக்கு இப்படி ஆகிவிட்டதே எனக்கு!

உடனே போன் செய்தேன்.

"கதவுல ஒதுக்குன்னு எழுதியிருக்கே?"

"ஆமா, ஒதுக்கச் சொல்லிட்டேன். இப்ப நிம்மதியா, பண்டிதரே?"

"நிஜமா?"

"எழுதியே வெச்சிட்டேன், இன்னும் என்ன? நாளைக்கு வந்து கையெழுத்தைப் போடு."

அச்சுவேலையில் ஒரு வழக்கம் உண்டு. அடித்துவிட்ட சொல் இருக்கட்டும் என்று பிறகு தோன்றினால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். 'இருக்கட்டும், யாரும் கை வைக்காதே' என்று அர்த்தம். தரையில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, அவன் எழுதிய சொல்லுக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்தேன். அழுத்தமாக. சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் அவன் எழுதியதை நான் திருத்தாமல் விட்டது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. ஏதாவது ஓர் அடையாளம் வேண்டாமா?


ஜூலை 4, சனி

கையெழுத்துப் போட்டேன். அண்ணி எனக்கு ஸ்வீட் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.


ஜூலை 6, திங்கள்

கோழிப் புத்தகத்தில் படங்களெல்லாம் இடம் மாறிவிட்டன, சேவலுக்கு அடியில் 'நான்காம் வார முட்டைகள்' என்று வருகிறது, நேரில் வாருங்கள் என்கிறார் பதிப்பாளர். நாளைக் காலை ரயில். வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவேன். வேலையாட்கள் நாளை மறுநாள் வருகிறார்கள். முன்கூடத்திலிருந்து தொடங்குவார்கள் என்று அண்ணன் சொன்னான். அறையைப் பூட்டவில்லை. எதற்குப் பூட்ட வேண்டும்?


ஜூலை 10, வெள்ளி

எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் அறை இல்லை. நான்கு சுவர் இருக்கிறது. அறை இல்லை. தரையைப் பெயர்த்துவிட்டார்கள், நடுவில் குழி, குழியில் பிளாஸ்டிக் குழாய்கள். கட்டில் வராந்தாவில் செங்குத்தாக நிற்கிறது. புத்தகங்கள் சிமெண்டுச் சாக்குகளில். சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறான்கள், உருளைக்கிழங்கு மாதிரி! என் தலையணைமேல் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம். தொட்டி மட்டும் அப்படியே இருக்கிறது, கம்பளியால் போர்த்தி, கயிறு கட்டி, ஒரு கீறல் படாமல். குழந்தையைச் சுற்றி வைத்த மாதிரி.

மேஸ்திரி சத்தியம் பண்ணினார். "அம்மா, எங்கமேல கோச்சுக்காதீங்க. கதவுல ஒதுக்குன்னு போட்டிருந்துச்சு, ஒதுக்கிட்டோம்."

"ஒதுக்குன்னா எனக்கு ஒதுக்குன்னுங்க! தனியா வை, தொடாதேன்னு!"

"அதுக்கு 'வை'ன்னுதானே போடுவாங்க? ஒதுக்குன்னா சாமானை ஓரமாத் தள்ளி எடத்தைக் காலி பண்ணுன்னுதான் நாங்க எடுத்துப்போம். அதுவும் கீழ வரிசையாப் புள்ளி வேற. மத்த எந்தக் கதவுலயும் புள்ளி இல்ல. சரி, இது அவசரம் போலன்னு இங்கதான் மொதல்ல கைய வெச்சோம்."

புள்ளி.

மொதல்ல கைய வெச்சோம். புள்ளியப் பாத்துட்டு. என் புள்ளிய.

சிரித்துவிட்டேன். மேஸ்திரி பயந்துபோய் ஓர் ஆளைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.


ஜூலை 11, சனி

ஏழாம் மாடி. மெஷின் ரூமில் மடக்குக் கட்டில். எழுதும்போது மெஷின் சுழல்கிறது, எழுத்து நடுங்குகிறது.

அண்ணன் முகத்தில் வருத்தம் இருந்தது. நன்றாகவே இருந்தது. "நான் உனக்குத்தான் ஒதுக்கினேன். அந்த ஆளுங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"சரி. தப்புதானே? மூடச் சொல்லு. குழியை மூடி, தரையைப் போட்டுக் கொடு."

"இப்ப எப்படி மூடுறது? மத்த எல்லா ரூமுக்கும் லைன் அது வழியாத்தான் போவுது. ஆர்க்கிடெக்ட் சொல்றாரு, அந்த ரூம்தான் பெஸ்ட் சூட்டா வரும்னு. தொட்டி உள்ள இருக்கில்ல."

"பேர் வெச்சாச்சா?"

தயங்கினான். "தொட்டில்" என்றான்.

தொட்டி இருக்கிற அறைக்குத் தொட்டில். சொல்லுக்கு ஒரே ஓர் எழுத்து கூட்டினால் போதும், கட்டணத்துக்கு எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம்.


ஜூலை 13, திங்கள்

அவன் வாயில் அந்தச் சொல் எப்போதெல்லாம் வந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சின்ன வயதில் சாப்பாட்டு மேசை. அவன் காய்கறியையெல்லாம் தட்டின் விளிம்புக்குத் தள்ளி வைப்பான். அம்மா, "ஒதுக்காம சாப்பிடுடா" என்பாள். தினமும் அதே வார்த்தை. அவனுக்கு ஒதுக்குவது என்றால் தட்டின் ஓரம், பிறகு குப்பைத்தொட்டி. வேறு அர்த்தத்தில் அவன் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எனக்கு மட்டும் எப்படி பஸ் சீட்டும் வீட்டு மனையும் ஞாபகம் வந்தது?

ஆக, மேஸ்திரி தப்பாகப் படிக்கவில்லை. நான்தான். அண்ணனும் ஏமாற்றவில்லை ஒருவேளை. அவனுக்குத் தெரிந்த அர்த்தத்தில் எழுதினான், நான் வேறாகப் படித்தேன், போனில் அவன் சொன்ன 'ஒதுக்கச் சொல்லிட்டேன்' கூட வெகுளிதானோ? பிறகு பயந்துபோய் மாற்றிப் பேசுகிறானோ? அவனுக்கு அவ்வளவு தமிழ் எங்கே தெரியும்?

இப்படி நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவன் முட்டாள் என்பது எனக்கு எப்போதும் ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது.


ஜூலை 26, ஞாயிறு

இன்று அண்ணியோடு சண்டை. அற்பக் காரணம். மெஷினை நிறுத்தச் சொன்னேன், ப்ரூஃப் பார்க்க முடியவில்லை என்று. அவள் துணிக்கூடையைக் கீழே போட்டாள்.

"இது என் வீடு. இங்க நான் எப்ப வேணாத் தொவைப்பேன். ஒரு ரூம் போனதுக்கு எத்தனை நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பே? கையெழுத்துப் போட்டது யாரு? நாங்களா ஒன் கையப் பிடிச்சுப் போட்டோம்?"

"எழுதத் தெரியாம எழுதின ஆளை நம்பிப் போட்டேன். என் தப்புதான்."

"எழுதத் தெரியாமலா?" அவள் சிரித்தாள். கோபத்தில் சிரித்தாள். "அந்த ஒரு வார்த்தைய எவ்வளவு யோசிச்சாரு தெரியுமா அவரு? இதே ஹால்ல நடந்துக்கிட்டே. 'எடுன்னு எழுதினா கத்துவா. வைன்னு எழுதினா நான் மாட்டிக்குவேன். ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு வேணும்'னு. கடைசியில கண்டுபிடிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'இதை அவளுக்குப் பிடிச்ச மாதிரி அவளே படிச்சுக்குவா'ன்னாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கூடையை எடுத்துக்கொண்டு, மெஷினையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். ப்ரூஃபில் ஒரு வரியும் ஓடவில்லை.

ஒரு சொல்லைத் தேடி ஹாலில் நடந்திருக்கிறான். ஒன்றை எடுத்து, பார்த்து, வேண்டாம் என்று வைத்து, இன்னொன்றை எடுத்து. நான் செய்கிற வேலை அது. என்னிடம் வரும் எழுத்தாளர்களில் எத்தனை பேர் ஒரு சொல்லுக்காக அவ்வளவு நடக்கிறார்கள்? தாடி இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே பிரித்தார். அண்ணன் மூன்றாவதைக் கண்டுபிடித்தான். படிக்கிறவள் யார், எந்த இடத்தில் இளகுவாள் என்பதுவரை தெரிந்து எழுதியிருக்கிறான்.

எங்கள் வீட்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. இருபது வருடமாக அவனை மறம் மறம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், அவ்வளவுதான்.


ஜூலை 28, செவ்வாய்

பதிப்பாளரின் தெருவுக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். புதுக் கட்டடம். சரி என்று சொல்லிவிட்டேன்.


ஜூலை 31, வெள்ளி

சாக்குகளை எடுக்கப் பழைய வீட்டுக்குப் போனேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். உத்தரத்தை மாற்றிவிட்டார்கள். புது மரம், ஆனால் பழைய மரத்தின் நிறத்துக்குத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். நடுக்கூடத்தில் நின்று மேலே பார்த்தேன். அழகாக இருக்கிறது. மழை வந்தால் ஒழுகாது. என்னால் நூறு வருடமானாலும் இதைச் செய்திருக்க முடியாது. கிண்ணம்தான் வைத்திருப்பேன்.

வழியில் ஒரு ஸ்பேனர் வாங்கியிருந்தேன்.


ஆகஸ்ட் 2, ஞாயிறு

குடிவந்தாயிற்று. மூன்றாம் மாடி. பக்கத்து வீட்டு டிவியில் வரும் விளம்பரங்கள் எல்லாம் இரண்டே நாளில் மனப்பாடம். சுவரைத் தட்டிப் பார்த்தேன், மூச்சும் இல்லை, எலியும் இல்லை. ஜன்னல் மேற்கு. மாலையில் வெயில் நேராகப் பக்கத்தில் விழுகிறது. காற்புள்ளி எது, தூசி எது என்று தெரிவதில்லை.


செப்டம்பர் 19, சனி

அண்ணியிடமிருந்து ஒரு கவர். ஹோட்டலின் முன்கூடத்தில் மாட்டப்போகும் வரலாற்றுப் பலகைக்கான வாசகம். 'அவர் எழுதினது. நீ ஒரு தடவை பாத்துடு. அவரா கேக்க மாட்டாரு' என்று ஒரு துண்டுச்சீட்டு.

சிவப்புப் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பசியோடு என்றுதான் சொல்ல வேண்டும். வீடு கட்டிய வணிகர், பிறகு அம்மா, அவள் கைபட்டுப் பிறந்த ஊர். முற்றத்து மரம். 'இந்த மரம் மூன்று தலைமுறைக்கு நிழல் தந்தது.'

மரம். சின்ன ர.

இரண்டு முறை படித்தேன். ஒற்று, சந்தி, காற்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு பிழை இல்லை. கடைசி வரி மட்டும்: 'இந்த வீட்டில் மதிப்புள்ள எதுவும் அகற்றப்படவில்லை.'

அதிலும் எழுத்துப்பிழை இல்லை. என் வேலை அதோடு முடிந்தது. 'சரி' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.


நவம்பர் 8, ஞாயிறு

நேற்று ஹோட்டல் திறப்பு. நான் போகவில்லை. இன்றைய பேப்பரில் படம் வந்திருக்கிறது: தூண்கள், பெஞ்சு, அண்ணன், அண்ணி, தாடி. 'பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்ற அதற்கு ஒரு புதிய வேலை கொடுத்தால் போதும்' என்கிறார் தாடி. தொட்டில் அறையின் படம் மட்டும் இல்லை.

குதிரை வளர்ப்பு பற்றிய ப்ரூஃப் வந்திருக்கிறது. இந்த அறையில் மேற்குக் காற்று அதிகம், தாள்கள் பறக்கின்றன. மேலே பாரத்துக்குக் கனமாக எதையாவது வைக்க வேண்டும். வைத்திருக்கிறேன். பித்தளை நன்றாக உட்காருகிறது. முழ நீளம் இருப்பதால் ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும். இங்கே குழாயைத் திருகித்தான் திறக்க வேண்டும். இன்னும் தினமும் காலையில் முழங்கைதான் முதலில் எழும்புகிறது.

சாயங்காலம் போன். அண்ணன். ஜூலைக்குப் பிறகு முதல் முறை.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன்."

"ஒண்ணு கேக்கணும்." மூச்சு வாங்கினான். "அம்மா தொட்டியில கம்பளிய நேத்துதான் பிரிச்சோம். திறப்பு நேரத்துல. குழாயில கைப்பிடி ரெண்டும் இல்ல. மொட்டையா நிக்குது. ஆர்க்கிடெக்ட் தலையில அடிச்சுக்கிறாரு, அந்த மாதிரி எங்கயும் கெடைக்காதாம். கெஸ்ட்டுங்க வந்து, இதை எப்படித் தெறக்கிறதுன்னு கேக்குறாங்க." நிறுத்தினான். "நீ எடுத்தியா?"

"எடுக்கல."

"பின்ன?"

"ஒதுக்கி வெச்சிருக்கேன்."

அவன் போனை வைக்கவில்லை. பின்னால் ஹோட்டலின் சத்தம் கேட்டது: கரண்டிகள், யாரோ சிரிப்பது, ஒரு கதவு திறந்து மூடுவது. அது எந்தக் கதவின் சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. அவன் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.